கண்காணிப்புக் கேமராவும் இஸ்லாம் தடுத்த தஜஸ்ஸுஸும்

 



கோவில்பட்டிக் கடைத்தெருவில் கடலை மிட்டாய்க் கடை முதல் தீப்பெட்டிக் கிடங்கு வரை கேமரா பொருத்தப்பட்ட வாசல்கள் இன்று ஏராளம். பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல் கிராமங்களின் முச்சந்திகளிலும் அது ஏறி அமர்ந்துவிட்டது. "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்ற அறிவிப்பைக் காட்டி, நம் ஆலிம்கள் பலர் பயானில் உதாரணம் சொல்வதுண்டு: கேமராவுக்கு அஞ்சும் மனிதன், கிராமன் காத்திபீன் என்னும் எழுதும் மலக்குகளுக்கு அஞ்ச வேண்டாமா என்று. நல்ல உதாரணம்தான். ஆயினும் அது பாதியில் நின்றுவிடுகிறது. மலக்குகளின் ஏட்டை அதிகாரம் உள்ளவர் எவரும் அழித்துவிட இயலாது. அதில் உள்ளதை அண்டை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவாரும் இல்லை. அனைத்தையும் பார்க்கும் அல்லாஹ், அடியானின் குறைகளை மறைக்கும் ஸத்தாராகவும் இருக்கிறான். கேமராவுக்கு இவ்விரு தன்மைகளும் இல்லை. இந்தப் பகுதி மக்களுக்கு இதை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் உணர்த்தியது.

அம்மாதம் 19ஆம் தேதி, சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜ், அவருடைய மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது குற்றச்சாட்டு. மறுநாள் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்ட இடம், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தனர்.

கடை வாசலில் தகராறு செய்து, தரையில் உருண்டு புரண்டதால் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்று காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை கூறியது. ஆனால் அருகிலிருந்த கடை ஒன்றின் கேமராப் பதிவு வெளிவந்தபோது, அதில் அத்தகைய தகராறோ, புரளலோ காணப்படவில்லை. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு சாதாரணக் கருவி, அரசின் முத்திரை பதித்த அறிக்கைக்கு எதிராகச் சாட்சி கூறிற்று.

அதே நேரத்தில் காவல் நிலையத்திற்குள் இருந்த கேமராக்கள் என்ன சாட்சி கூறின? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரணைக்கு அனுப்பியது. 28ஆம் தேதி அங்கு சென்ற நடுவர் அளித்த அறிக்கையின்படி, வன்தட்டில் போதிய இடம் இருந்தும், அன்றன்றைய பதிவுகள் தாமாகவே அழிந்துபோகும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி இரவின் காட்சிகள் கிடைக்கவில்லை. இரவு முழுவதும் இருவரும் அடிக்கப்பட்டனர் என்ற உண்மை, அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாய்மொழியால்தான் பதிவாயிற்று. நடுவரின் விசாரணைக்கு அந்நிலையக் காவலர்கள் ஒத்துழைக்க மறுத்ததால், நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவருமாறு நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. காட்சியைப் பதிவு செய்ய வேண்டிய கேமரா மறந்துவிட்டது. அச்சத்தை வென்ற ஒரு பெண்மணியின் நாவு மறக்கவில்லை. இறந்த இருவரும் கிறிஸ்தவ சமயத்தவர்கள். நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு நமக்கு இடப்பட்ட கட்டளையில் (4:135, 5:8) இந்த வேறுபாட்டிற்கு இடமில்லை என்பதை நினைவில் கொள்க.

கேமராவினால் குற்றம் குறைகிறதா என்று கேட்டால், ஓரளவு குறைகிறது என்பதே பதில். உலகின் பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வாகனங்கள் நிறுத்துமிடங்களில்தான் பலன் மிகுதி. அடிதடி, கத்திக்குத்து போன்ற வன்முறைகளில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. காரணம் எளிது: பூட்டை உடைக்க வருபவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான், ஆத்திரத்திலும் போதையிலும் கை ஓங்குபவன் எதையும் பார்ப்பதில்லை. திரைக்கு முன் ஆள் அமர்ந்து கவனிக்கும் இடங்களில் பலன் கூடுதல் என்றும் அம்மதிப்பீடு கூறுகிறது. கம்பத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடும் நம் ஊர் வழக்கத்தில், கேமரா பெரும்பாலும் குற்றம் நடந்த பின்னர் ஆளைத் தேடுவதற்கே பயன்படுகிறது. அதுவும் சிறு பயனன்று. சென்னை மாநகரக் காவல்துறை "மூன்றாவது கண்" என்ற பெயரில் நகரெங்கும் கேமராக்களைப் பொருத்தச் செய்த பின், நகைப் பறிப்பில் ஈடுபட்டோர் தெருத்தெருவாகப் பின்தொடரப்பட்டுப் பிடிபட்டதைச் செய்திகளில் கண்டோம்.

இனி மார்க்கத்தின் நிலைப்பாட்டைக் காண்போம். திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 12ஆவது வசனம், வீணான சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே தடுக்கிறது. வரிசையைச் சிந்தித்தால் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுப்பது விளங்கும்: சந்தேகம் துருவ வைக்கிறது, துருவிக் கண்டது நாவில் ஏறுகிறது. இன்றைய காலத்தில் நாவுக்குப் பதிலாக வாட்ஸ்அப். மக்களின் குறைகளைத் துருவிக்கொண்டே இருந்தால் அம்மக்களைக் கெடுத்துவிடுவீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக முஆவியா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

அப்படியானால் கேமராவே ஹராமா? இல்லை. தாடியில் மது சொட்டிக்கொண்டிருந்ததாகக் கூறி ஒருவரைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. துருவி ஆராய்வது எங்களுக்குத் தடுக்கப்பட்டுள்ளது, வெளிப்படையாகத் தெரிவதையே நாங்கள் பிடிப்போம் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. தெருவும் சந்தையும் வெளிப்படையானவை. அங்கே நடப்பதைப் பார்ப்பதற்குத் தடையில்லை. வீட்டின் முற்றம் அவ்வாறன்று.

உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தின்போது ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, மது அருந்திக்கொண்டிருந்தவரைப் பிடித்த சம்பவம் பலரும் கேட்டதே. நான் ஒரு தவறு செய்தேன். தாங்களோ துருவினீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள் என்று அவர் மூன்று தவறுகளை எடுத்துக் கூற, கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அதே உமர் (ரலி), கூஃபாவின் ஆளுநர் ஸஅது (ரலி) மீது புகார் வந்தபோது, ஆளனுப்பிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக மக்களிடம் விசாரிக்கச் செய்தார்கள். சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர் ஸஅது (ரலி). அவர்களும் விசாரணைக்கு அப்பாற்பட்டவராக விடப்படவில்லை. இது புகாரியில் உள்ளது. குடிமகனின் சுவருக்கு முன் நின்றுவிடும் பார்வை, அதிகாரியின் ஆசனத்திற்கு முன் நிற்பதில்லை.

இந்த ஒழுங்கு தலைகீழானால் என்ன நிகழும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் சான்று. முஸ்லிம்கள் செறிந்து வாழும் இரு பகுதிகளில், குற்றத்தடுப்புக்காக என்று கூறி 2010ஆம் ஆண்டு 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் சில மறைத்து வைக்கப்பட்டவை. பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து பணம் வந்தது வெளிப்பட்டதும் மக்கள் கொதித்தனர். காவல்துறை மன்னிப்புக் கோரியது. 2011ஆம் ஆண்டு கேமராக்கள் அகற்றப்பட்டன. திருடனைப் பிடிக்கக் கேமரா வேண்டாம் என்று அம்மக்கள் சொல்லவில்லை. தங்களிடம் பொய் சொல்லப்பட்டதையே எதிர்த்தனர்.

நம் நாட்டுச் சட்டமும் இரு திசையிலும் பேசுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள இடம் தருகிறது. மறுபுறம் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை உட்பட எல்லாப் பகுதிகளிலும் ஒலியும் பதியும் கேமரா வேண்டும், பதிவுகள் 18 மாதம், இயலாவிடில் குறைந்தது ஓராண்டாவது காக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. காவலில் துன்புறுத்தப்பட்டவர் அப்பதிவைக் கேட்டுப் பெற வழியும் கூறப்பட்டது. எனினும் காவல் நிலையக் கேமராக்கள் இயங்காமல் கிடப்பது குறித்து 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியதாயிற்று. நம் குடும்பத்தில் யாரேனும் விசாரணைக்கு அழைக்கப்பட்டால், நிலையப் பதிவைப் பாதுகாக்குமாறு தாமதமின்றி எழுத்து மூலம் கேட்டு, நகலில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் பதிவு இருக்காது.

இறுதியாக நம் மஹல்லா. உண்டியலுக்கும் வாசலுக்கும் பள்ளிவாசல் நிர்வாகம் கேமரா வைப்பதில் தவறில்லை. ஹவுளில் ஒளூச் செய்பவர்கள் மீதும், பெண்கள் தொழும் பகுதி மீதும், பக்கத்து வீட்டு முற்றத்தின் மீதும் அது திரும்பியிருக்கலாகாது. பதிவு அமானத். அதன் கடவுச்சொல் முத்தவல்லியின் மகனுடைய கைப்பேசியில் இருப்பது அமானத் ஆகாது; பொறுப்பாளர் இருவர் சேர்ந்தே திறக்கும்படி வைக்கலாம். செருப்பு காணாமற்போன அன்று பதிவைப் பார்த்தவர்கள், பஜ்ருக்கு யார் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பேசியதாகக் கேள்விப்பட நேர்ந்தால், அந்த ஜமாஅத் அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் காணாமற்போன செருப்பு அன்று.