கப்பலடியும் கரையேற்றமும்

சொற்களும் மனிதரைப் போலவே கடல் கடந்து செல்கின்றன. சென்ற இடத்தில் குடியும் கொள்கின்றன. அலுவலகத்தை நம் முன்னோர் 'கந்தோர்' என்றது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லால் அன்றோ? 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய அக்கடலோடிகள், தம் அண்டை நாட்டாராகிய ஜெர்மானியர்க்கும் கப்பற்சொற்கள் பலவற்றை வழங்கினர். அவற்றுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

'கீல்ஹோலென்' என்பது ஜெர்மன் மொழியிலுள்ள ஒரு கூட்டுவினை. 'கீல்' என்பது கப்பலின் அடிமரம். தமிழில் அதனை 'ஏரா' என்பர். 'ஹோலென்' என்பதற்கு இன்று பெருவழக்கிலுள்ள பொருள் 'போய்க் கொண்டுவருதல்'. அடிமரத்தைப் போய்க் கொண்டுவருவது எங்ஙனம் என்று மாணவர் மயங்கக்கூடும். மயக்கத்தைத் தீர்ப்பது ஒல்லாந்த மொழி. அங்கே 'கீல்ஹாலென்' என வழங்கும் இவ்வினையில், 'ஹாலென்' இழுத்தலையும் குறிக்கும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பழைய ஜெர்மன் மொழியில் இதற்கு 'அழைத்தல்' என்னும் பொருளும் இருந்ததைக் காண்கிறோம். அழைத்தல், அழைத்துவருதல், கொண்டுவருதல், இழுத்தல் எனப் பொருள் விரிந்திருக்கிறது.

இக்கூட்டுவினைக்குப் பொருள் இரண்டு. மரக்கலத்தை ஒருபுறம் சாய்த்து, அடிமரம் வெளித்தோன்றச் செய்து, பாசியும் சிப்பியும் சுரண்டிப் பழுது பார்ப்பது ஒன்று. குற்றஞ்செய்த மாலுமியைக் கயிற்றிற் பிணித்து, கப்பலின் அடியிலே நீருக்குள் இழுக்கும் கொடுந்தண்டனை மற்றொன்று. ஒல்லாந்தக் கடற்படையில் அத்தண்டனை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒழிந்தது. ஆயினும், சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அக்கொடுமையே.

நம் கடற்கரையிலும் இதற்கிணையான கூட்டுவினை ஒன்றுண்டு. அது 'கரையேற்று' என்பது. கொட்டியாரக் குடாவின் மணலிலே தோணியை இழுத்து ஏற்றுவதும் கரையேற்றுதலே. பெற்ற மகளுக்கு நல்வாழ்வு அமைத்துக் கொடுப்பதும், பிறவிக் கடலினின்று இறைவன் உயிர்களை மீட்பதும் கரையேற்றுதலே. இரண்டு சொற்களும் கயிறு பிடித்து இழுத்த கைகளிற் பிறந்தவை. ஒன்று தண்டனையைச் சென்றடைந்தது. மற்றொன்று அருளைச் சென்றடைந்தது. சொல்லின் உறுப்புகளை மட்டும் பிரித்து நோக்கினால் இவ்வேறுபாடு விளங்காது. அதனை வழங்கிய மக்களின் வாழ்வையும் அறிதல் வேண்டும்.

மரத்தோணிகள் அருகி, இயந்திரப் படகுகள் பெருகிவிட்ட காலம் இது. தொழில் மறையும்போது அதன் சொற்களும் உடன் மறையும். மாணவர்களே, கரையோரத்து முதியவர்களிடம் படகின் உறுப்புகளுக்கும் காற்றின் வகைகளுக்கும் உரிய பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அச்சொற்களையும் நாம் கரையேற்ற வேண்டாமா?