ஏங்க, கொஞ்சம் மெதுவா!

விடியற்காலை வெப்பநிலை 24 டிகிரி. லண்டனில் இது நல்ல கோடை. சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தில், ஐப்பசி அடைமழை சற்றே விட்ட காலையில், இதே 24 டிகிரியில் இரண்டு தெரு ஓடிப் பாருங்கள். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். குளுகுளுவென்றுதானே இருக்கிறது, பிறகு ஏன்?

காற்றில் இருக்கும் ஈரம்தான் காரணம். 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 22 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். குளிர்நாட்டு இலையுதிர்காலத்தில் காற்றில் அவ்வளவு ஈரத்துக்கு இடமே கிடையாது. நம் மழைக்காலத்து விடியலில் காற்று கிட்டத்தட்ட நிரம்பியே இருக்கும். வியர்வை ஆவியாகத் திணறுவது அதனால்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கிலோ கலோரி செலவாகும். ஐந்து கிலோமீட்டருக்கு 300. அதில் கால் பங்குதான் வேலைக்கு உதவுகிறது. மிச்சம் 225 வெப்பமாகிவிடும். அந்த வெப்பம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கினால் 37 டிகிரி 41-ஐத் தாண்டிவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகும் என்பதால், 400 மில்லி ஆவியானாலே போதும். ஆனால் ஆவியாக வேண்டும். தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடம்பு துளியும் குளிராது, வெறும் தண்ணீர்ச் செலவு. அந்த நேரத்தில் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பவேண்டி இருப்பதால், வேகம் கூடாமலே இதயத் துடிப்பு ஏறும்.

இங்கேதான் ஓட்டத்தின் ஒரு விநோதம் கைகொடுக்கிறது. நடைக்கு ஒரு சிக்கன வேகம் உண்டு. அதற்கு மேலோ கீழோ போனால் கிலோமீட்டருக்கான செலவு கூடும். ஓட்டம் அப்படியில்லை. ஐந்து கிலோமீட்டரை அரை மணியில் ஓடினாலும் முக்கால் மணியில் ஓடினாலும் செலவு ஏறக்குறைய அதேதான். அதே 225 கிலோ கலோரி வெப்பம் கூடுதலான நேரத்தில் பரவி வெளியேறும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு இவ்வளவுதான் ஆவியாகும் என்று காற்று கெடுபிடி செய்கிற மாதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? மனைவியின் வேகத்துக்கு இறங்கிவந்தால் உடற்பயிற்சி வீணாகிவிடும் என்று அலுத்துக்கொள்ளும் கணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நடக்கும்போது, யாரும் கேட்காமலே அவர்கள் இறங்கிவருகிறார்கள் என்பது வேறு கதை. அமெரிக்காவின் சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013-ல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்தது. காதலியோடோ மனைவியோடோ நடக்கும் ஆண்கள் தங்கள் வேகத்தைச் சுமார் 7 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். ஆண் நண்பர்களோடு நடந்தபோது அந்தத் தாராளம் இல்லை.

சரியான வேகம் எது என்று அறிய கைக்கடிகாரம் வேண்டாம், பேச்சு போதும். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் திரும்பும்போது, “ஏங்க, கேஸ் புக் பண்ணீங்களா?” என்ற கேள்விக்கு, “நேத்து ராத்திரியே பண்ணிட்டேன்மா, நாளைக்கு வந்துடும்” என்று முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. “பண்...ணிட்டேன்” என்று உடைந்தால் கூடிவிட்டது. பேசும்போது மூச்சை மெதுவாக, நீட்டி விடவேண்டும். தசைகளில் அமிலம் ஏற ஏற, கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும். வாக்கியத்துக்கு இடம் இருக்காது. வெறும் “ம்” வந்தால் வேறு காரணமும் இருக்கலாம். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பால்.

சேர்ந்து ஓடுகிறவர்களின் காலடிகள் தாமாகவே ஒத்துப்போவதும் உண்டு. 2009 பெர்லின் உலகப் போட்டியில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் 100 மீட்டர் சாதனை படைத்தபோதே, இரண்டாவதாக வந்த டைசன் கேயின் காலடியோடு அவர் காலடி அவ்வப்போது ஒத்திசைந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளைச் சோதித்த இன்னோர் ஆய்வில், தனியாகத் துடுப்புப் போட்டதைவிடக் குழுவாகச் சேர்ந்து போட்ட பிறகு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. அவர்கள் பன்னிரண்டே பேர், அதனால் அளவோடு நம்பலாம்.

தேங்கிய தண்ணீரில் மட்டும் கால் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிய வட்டாரம் இது. கலங்கல் நீருக்கு அடியில் திறந்த மேன்ஹோல் இருக்கலாம்; காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையும்.

இன்னொன்றும் உண்டு. வெப்பம் உற்பத்தியாவது எடைக்கு ஏற்ப, வெளியேறுவது தோலின் பரப்புக்கு ஏற்ப. எடை குறைந்த உடம்பில் கிலோவுக்குத் தோல் அதிகம். அதனால் புழுக்கத்தில் நீண்டதூரம் ஓடும்போது சிறிய உடல்வாகு உள்ளவருக்குச் சாதகம். 80 கிலோ கணவரும் 55 கிலோ மனைவியும் ஐப்பசியில் கிளம்பினால், நாலாவது கிலோமீட்டரில் “கொஞ்சம் மெதுவா” என்று கெஞ்சுவது பெரும்பாலும் கணவராகவே இருக்கும்.