பழம்புடவை இருக்கா வீட்டில்?

மதுரையில் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கத் துணிச் சதுரங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கருநீலம், வெந்தயக் கலர், சாயம் வெளுத்துப்போய் என்ன கலர் என்றே சொல்ல முடியாத சில. “சுவத்தோரமா வாம்மா, மிதிச்சிராத. ஃபேனப் போட்டா எல்லாம் பறந்துரும், அதான் போடல” என்றார். சித்திரை வெயில். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

வரிசைக்கு எட்டு, பன்னிரண்டு வரிசை, ஆக 96 சதுரம். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலத்துக்கு வெட்டியிருக்கிறார். நாலு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் மிஞ்சுவது ஆறு அங்குலம். எல்லாவற்றையும் இணைத்தால் ஆறடி நீளம், நாலடி அகலம். ஓர் ஆள் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு மேல்பக்கம் தயார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆன கணக்கு டீச்சர். பக்கத்துப் பக்கத்தில் ஒரே கலர் வந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு மஞ்சள் சதுரத்தை நாலு முறை இடம் மாற்றினார்.

துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் இப்படிப்பட்ட போர்வைதான் குவில்ட். ‘வீட்டிலிருந்தபடியே குவில்ட்: கைக்கு வேலை, மனசுக்கு ஓய்வு’ என்று எழுதிவா என்றுதான் என்னை அனுப்பினார்கள். மனசுக்கு ஓய்வு கிடைக்கிறது, சந்தேகமே வேண்டாம். மஞ்சள் சதுரம் உரிய இடத்தில் உட்கார்ந்ததும் டீச்சர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொன்று என் மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. “தையலு யாரு வேணா கத்துக்கிரலாம்மா. துணிக்கு எங்க போவ?”

ஊரெல்லாம் துணிக்கடை. இவர் என்ன சொல்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஓர் அரக்குச் சதுரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துணி வைத்த மாதிரியே இல்லை, அவ்வளவு இலேசு. அவருடைய அம்மா கட்டிய சுங்குடிச் சேலை. வெள்ளைப் புள்ளிகள் ஒன்று போல் ஒன்று இல்லை. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய காலத்துச் சேலை அது. மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்த பிறகும், இன்று கடையில் சுங்குடி என்று வாங்குவதில் பெரும்பாலானவற்றுக்கு முடிச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது, அச்சுதான். அம்மாவின் சேலையோ வாரத்துக்கு இரண்டு முறை கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காய்ந்து, இருபது வருஷம் உடம்போடு கிடந்தது. கஞ்சியின் விறைப்பும் நூலின் பிசிறும் போய்ப் பூப்போல ஆகிவிட்டது. இந்த மென்மை எந்தக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்?

மேல்பக்கத்துக்கு அடியில் இன்னொரு காட்டன் புடவையைப் போடுகிறார். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் ஆறடி. அகலம் கிட்டத்தட்ட நாலடி. போர்வைக்கென்றே யாரோ அளந்து நெய்து வைத்த மாதிரி இருக்கிறது. பஞ்சு ஷீட் கிடையாது, நம் ஊர் வெக்கைக்கு அது எதற்கு? சதுரங்களை இணைப்பது மட்டும் மெஷினில். பிறகு அத்தனை அடுக்கையும் பிடித்து ஓட்டுத் தையல், கையாலேயே, விரல் அகலத்துக்கு ஒரு வரிசை. காட்டன் நூல்தான். பாலியஸ்டர் நூல் முறுக்கானது, நைந்த துணியை அறுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஒரு போர்வைக்கு மூன்று மாதம் ஆகிறதாம், மத்தியானச் சீரியல் நேரம் மட்டும்.

குவில்ட் என்றதும் அமெரிக்கச் சமாசாரம் என்று நினைக்கிறோம். வங்காளத்துக் காந்தா என்ன? நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அதே ஓட்டுத் தையலில் தைத்ததுதான். நம் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒட்டிப் பிறந்த சொற்கள். அவர்கள் கந்தையில் தாமரையும் தேரும் யானையும் தைத்தார்கள். நாம் அதைக் கசக்கிக் கட்டிவிட்டு, கிழிந்ததும் அடுப்படியில் கரித்துணி ஆக்கிவிட்டோம்.

டீச்சருக்கு மிகவும் பிடித்தது கவந்தி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டு ஊர்களில் சித்தி என்ற இனத்தார் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைதான் கவந்தி. அளவு நாடா கிடையாது. சதுரம் வெட்டி வரிசை கட்டும் பேச்சே இல்லை. ஒரு பழம்புடவையை விரித்து, ஓரத்தில் ஒரு துண்டை வைத்துத் தைக்க ஆரம்பித்து, ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டே உள்ளே வருவார்கள். நடுவில் வந்து முடியும். கடைசியாக நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் ‘புலா’, அதாவது பூ, என்று பெயர். புலா வைக்காத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். கட்டம் போட்டே பழகிய டீச்சர் ஒரு கவந்தி முயற்சி செய்து பாதியில் பரண்மேல் போட்டுவிட்டார். “நமக்குக் கணக்குப் பண்ணாமத் தைக்க வரல” என்று சிரித்தார்.

எந்த ஊரை எடுத்தாலும் முதலில் பழைய துணி, பிறகுதான் கலை. ஜப்பானின் வடகோடியில் குளிருக்குப் பருத்தி விளையாது. ஒசாகா பக்கமிருந்து கப்பலில் வந்த பழைய காட்டன் துண்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் போர்த்தினார்கள். அதற்குப் பெயர் போரோ. அமெரிக்காவில் 1930-களின் பஞ்சத்தில் கோதுமை மாவு வந்த துணிச் சாக்கைப் பிரித்துக் கவுனும் போர்வையும் தைத்தார்கள். இதைக் கவனித்த மாவுக் கம்பெனிகள் சாக்கிலேயே பூ அச்சடித்து விற்றன. அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு கறுப்பின மக்கள் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், கணவர் இறந்த பிறகு, அவர் வயலுக்குப் போட்டுப்போன உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் ஓவியங்கள் போலச் சுவரில் தொங்கின. அவற்றில் சிலவற்றில், வெளுத்த ஜீன்ஸ் துணிக்கு நடுவே பாக்கெட் இருந்த இடம் மட்டும் கருநீலமாகத் தெரியும்.

இப்போது நம் பக்கத்தில் பொழுதுபோக்காகத் தைக்கும் புதிய கூட்டத்தில் பலரும் என்ன செய்கிறார்கள்? புத்தம்புதுக் காட்டன் துணியை வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுகிறார்கள். வெட்ட ஒரு சக்கரக் கத்தி, அதற்குக் கீழே போட ஒரு பாய், ஐந்து வகை ஸ்கேல். கலருக்குக் கலர் அடுக்கிக் கட்டிய துணிக்கட்டு ஒன்றின் விலையில் நல்ல கைத்தறிச் சேலை எடுக்கலாம். புதுத் துணி நைந்து கிழியாது, தையல் நேராக வரும் என்று அவர்கள் சொல்வதும் வாஸ்தவம்தான். ஆனால் முழுத்துணியைக் கந்தலாக்கிக் கந்தலை முழுத்துணியாக்குவதை எங்கள் பாட்டி பார்த்திருந்தால் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்.

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பழைய காட்டன் வீட்டில் இருந்தால் அல்லவா!

டீச்சர் பீரோவைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் அம்மாவின் சேலைகளில் மிச்சம் இருப்பவை, எல்லாம் பருத்தி. நடுத்தட்டில் டீச்சருடையவை. நைலக்ஸ் வந்து கலக்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். துவைத்தால் பத்து நிமிஷத்தில் காயும், இஸ்திரி வேண்டாம் என்று ஸ்டாஃப் ரூமே அதற்கு மாறியதாம். பாதிக்குப் பாதி காட்டன் தேறும். கீழ்த்தட்டு மருமகளுடையது. ஜார்ஜெட், க்ரேப், ஷிஃபான், ‘செமி சில்க்’, ‘காட்டன் ஃபீல்’. எல்லாம் அழகு. ஒன்றுகூடப் பருத்தி இல்லை. மூன்று தட்டில் மூன்று தலைமுறை. அந்த மேல்தட்டு தீர்ந்ததும் என் போர்வைக் கடையும் மூடியாச்சு என்றார் டீச்சர்.

இது வெறும் ரசனைப் பேச்சில்லை. பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் ஒன்று வியர்வையை உறிஞ்சுகிறது, இன்னொன்று முதுகில் ஒட்டுகிறது. சூடு பட்டால் இன்னும் மோசம். எனக்கே பட்டறிவு உண்டு. இந்தக் கட்டுரைக்காக நானும் ஏதாவது தைத்துப் பார்க்கலாமே என்று, மகளின் பழைய பாவாடையில் எட்டு அங்குலச் சதுரம் இரண்டு வெட்டி, நடுவில் டவல் துண்டு வைத்து, அடுப்படிக்கு ஒரு பிடிதுணி தைத்தேன். பார்க்க ஜோராக இருந்தது. முதல் நாளே இரும்புச் சட்டியைப் பிடித்தேன். துணி உருகிச் சட்டியின் காதில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்க அரை மணி நேரம். காட்டன் என்று நினைத்துத்தான் வெட்டினேன்.

சிறு வேலைக்காவது கட்டிங் துண்டு போதும் என்கிறார்கள். கண்ணாடி உறை, பாட்டிமார் வெற்றிலையும் சில்லறையும் முடிந்து இடுப்பில் செருகிய சுருக்குப்பை, டிபன் பாக்ஸ் பை எல்லாம் கைப்பிடித் துணியில் முடிந்துவிடும். முன்பெல்லாம் டீச்சர் புதுமண்டபத்துக்குப் போவாராம். கல்தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்த டெய்லர்கள் காலடியில் விழும் துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளித் தருவார்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் போய்ப் பார்த்திருக்கிறார். “பை நெறையத்தான் தாராக. பிரிச்சுப் பாத்தா பத்துக்கு ரெண்டுதேன் காட்டன்.” திருப்பூர் பனியன் கட்டிங் பருத்திதான், கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் அது பின்னல் துணி, இழுத்தால் இழுபடும். கால்மிதிக்குச் சரி, சதுரம் வெட்டித் தைக்க அடங்காது.

போன மாதம் டீச்சர் இருக்கும் அபார்ட்மெண்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். பச்சைக் குழந்தையைச் சுற்ற, பழைய காட்டன் புடவை துவைத்துக் கொண்டுவாருங்கள் என்று நர்ஸ் சொல்லியனுப்பினார். பெண்ணின் அம்மா பீரோவைக் குடைந்து பார்த்தார், இல்லை. சம்பந்தியம்மாவைக் கேட்டார், இல்லை. மாடி மாடியாக ஏறி இறங்கிக் கடைசியில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். போர்வைக்கு அடித்துணியாக எடுத்து வைத்திருந்த புடவையை டீச்சர் மடித்துக் கொடுத்தார். தூளி கட்ட இன்னொன்றும் கொடுத்தார். இருபத்து நாலு வீட்டில் வேறெங்கும் ஒரு பழம்புடவை இல்லை! குவில்ட் தைக்கத் துணி இல்லை என்பது எனக்கு அப்புறம்தான். பிள்ளையைப் போர்த்தத் துணி இல்லையே என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

தைக்கப் பழகுகிறவர்களுக்கு டீச்சர் சொல்வது கொஞ்சம்தான். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக உருண்டால் ஒதுக்கிவிடுங்கள். புதுத் துணியையும் பழையதையும் சேர்க்கிறீர்கள் என்றால் புதியதை இரண்டு முறை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். முதல் வேலையாகப் போர்வையில் கைவைக்காதீர்கள். ஒரு சுருக்குப்பை போதும்.

பீரோவில் அம்மா கட்டிய காட்டன் புடவை ஒன்றாவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர் தெருவில் வந்தால், தயவுசெய்து வேறு எதையாவது போடுங்கள்.