பிழை நேர்ந்தால் டிரைவர் என்ன எழுத வேண்டும்?

இயங்குதளத்தின் கெர்னலுக்கும் சேமிப்புச் சாதனத்துக்கும் நடுவே நின்று வேலை செய்யும் மென்பொருள்தான் சாதன டிரைவர். ‘படி’, ‘எழுது’ என்று கெர்னல் இடும் கட்டளைகளை அது சாதனத்துக்குப் புரியும் வடிவில் அனுப்பும். சாதனத்தின் பதிலை வாங்கி மேலே கொடுக்கும். கட்டளை தோற்றால், அதன் காரணமும் அந்தப் பதிலிலேயே இருக்கும். அது லாக் வரை வந்துசேர்கிறதா என்பதில்தான் பிழைப்பதிவின் தரம் இருக்கிறது.

எஸ்எஸ்டிகளை இயக்கும் லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முடிந்த ஒவ்வொரு கட்டளைக்கும் எஸ்எஸ்டி 16 பைட் அளவுள்ள குறிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. அதில் பிழையின் வகைக்கு ஓர் எண், பிழைக்கு ஓர் எண். வகை 2 என்றால் ஊடகம் அல்லது தரவு கெட்டிருக்கிறது. அந்த வகையில் பதினாறடிமான எண் 80, எழுதும்போது நேர்ந்த பழுது. 81, மீட்க முடியாத வாசிப்புப் பிழை. ‘மறுபடி முயல வேண்டாம்’ என்று சொல்லவும் தனியாக ஒரு பிட் உண்டு.

இத்தனை விவரத்தையும் டிரைவர் நெடுநாள் சில பொதுவான பிழை வகைகளுக்குள் அடக்கியே மேலே அனுப்பிவந்தது. லாகில் மிஞ்சியது ‘ஐ/ஓ எரர், என்விஎம்இ0என்1, செக்டார் 2048’ என்பது போன்ற வரிதான். எங்கே தோற்றது என்பது தெரியும்; ஏன் என்பது தெரியாது. வட்டை மாற்றுவதா, மென்பொருளைச் சோதிப்பதா என்று நிர்வாகியால் முடிவெடுக்க முடியாது. பழைய எஸ்சிஎஸ்ஐ வட்டுகளுக்கோ ‘மீடியம் எரர்’ என்று காரணத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் முன்பே இருந்தது.

2022இல் வந்த லினக்ஸ் 5.18 இந்தக் குறையைத் தீர்த்தது. அதே பிழை இப்போது ‘என்விஎம்இ0என்1: ரீட், எல்பிஏ 256, 8 பிளாக், அன்ரிகவர்டு ரீட் எரர்’ என்று பதிவாகும், குறியீட்டு எண்களும் உடன் வரும். 2048 எப்படி 256 ஆயிற்று? கெர்னல் எப்போதும் 512 பைட் செக்டாரில் கணக்கிடும். 4096 பைட் பிளாக் கொண்ட வட்டில் 8 செக்டார் சேர்ந்து ஒரு முகவரி (எல்பிஏ). வட்டைச் சோதிக்கும் கருவிகளுக்குத் தேவை சாதனத்தின் முகவரியே என்பதால், டிரைவர் அதையே எழுதுகிறது.

விவரம் கூடினால் இரைச்சலும் கூடும். அதை அடக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, தோல்வி உறுதியான பிறகே பதிவு: இயல்பாக 5 முறை வரை மறுமுயற்சி நடக்கும்; இடையில் வெற்றி கிடைத்தால் பிழை வரி எழுதப்படாது. இரண்டாவது, வேகத்துக்கு வரம்பு: 5 விநாடியில் 10 செய்திக்கு மேல் வந்தால் மிகுதி விடுபடும், சாகக் கிடக்கும் வட்டு ஒன்று லாக் முழுவதையும் நிரப்பிவிடாது. மூன்றாவது, பயனர் கருவிகள் நேரடியாக அனுப்பும் கட்டளைகளின் தோல்வி இயல்பாகப் பதிவாகாது. வட்டு ஆதரிக்காத ஒன்றை ஒரு கருவி கேட்டுப் பார்ப்பது வட்டின் பழுது ஆகாதே.

எந்தச் சாதனம், என்ன கட்டளை, எந்த முகவரி, என்ன காரணம், மறுமுயற்சிக்கு இடம் உண்டா — இந்த ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். டிரைவர் எழுதுவோர் சாதனம் தந்த மூல எண்ணை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. சொல் விளக்கத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பதிவாகாத எண்ணை எங்கே போய்த் தேடுவது?

(தொடரும்)