முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

1950களிலும் 60களிலும் பிரிட்டனில் புதுக் கார் வாங்கியவர்கள் பின்கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வார்கள். ‘புது எஞ்சின், பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்’ என்பது அதன் சாரம். முதல் சில நூறு மைல்களுக்கு அந்தக் கார் ஊர்ந்துதான் போகும். பின்னால் வருபவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பயனில்லை. இன்று அந்தச் சீட்டு வழக்கொழிந்துவிட்டது. உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள் மைக்ரான் கணக்கில் துல்லியமாகிவிட்டன, ஆயிலின் தரமும் உயர்ந்துவிட்டது. ஷோரூமை விட்டு நேராக நெடுஞ்சாலைக்கே போய்விடுகிறார்கள். ஆனால் அதே பிரிட்டனில் ஒரு வாகனத்துக்கு மட்டும் அந்தச் சீட்டை இன்றும் ஒட்டலாம். சீனாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் 50 சிசி மலிவு விலை ஸ்கூட்டர்தான் அது.

அங்கே 16 வயது நிறைந்தவர்கள் அடிப்படைப் பயிற்சியை முடித்து, வண்டியில் சிவப்பு ‘எல்’ அட்டையை மாட்டிக்கொண்டு மொபெட் ஓட்டலாம். எஞ்சின் 50 சிசியைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வயதில் இன்சூரன்ஸுக்கே பெருந்தொகை போய்விடும். ஜப்பானிய, இத்தாலியப் பெயர் தாங்கிய ஸ்கூட்டர்கள் கைக்கெட்டாதவர்களுக்குச் சீன வண்டி மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஹோண்டாவும் டி.வி.எஸ்ஸும் இந்தியாவிலேயே தயாரித்துக் கட்டுப்படியாகும் விலையில் விற்பதால், சீனப் பெட்ரோல் ஸ்கூட்டர் நம் ஊர்த் தெருக்களில் கண்ணில் படுவதில்லை. பிரிட்டனில் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு முதல் வண்டியே அதுதான்.

முகப்பில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், எஞ்சினின் உறையில் பெரும்பாலும் ‘139 கியூ.எம்.பி.’ என்று பொறித்திருக்கும். முதலில் உள்ள 1 சிலிண்டர்களின் எண்ணிக்கை. 39 என்பது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். கியூ என்றால் விசிறிக் காற்றால் குளிர்விக்கப்படுவது. இந்தக் குடும்பத்தின் மூத்த எஞ்சின் ஜிஒய்6. ஹோண்டாவின் தொழில்நுட்பக் கூட்டாளியாக இருந்த தைவான் நிறுவனம் கிம்கோ 1980களில் தயாரித்த நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் எஞ்சின் அது. பிறகு சீன நிலப்பரப்பில் ஏராளமான தொழிற்சாலைகள் அதை நகலெடுத்தன. இன்று பிராண்டு எதுவானாலும் இந்தப் பொறிப்பைச் சொன்னால் உதிரிபாகம் கிடைத்துவிடுகிறது.

வடிவமைப்பில் குறையில்லை. ஹோண்டா பரம்பரைக்குரிய எளிமை அதில் இருக்கிறது. சீனர்களுக்கு நன்றாகச் செய்யத் தெரியாது என்பதும் இல்லை. பியாஜியோ நிறுவனமே ஃபோஷான் நகரில் ஸோங்ஷென் நிறுவனத்துடன் கூட்டுத் தொழிற்சாலை நடத்துகிறது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் எங்காவது கை வைத்தாக வேண்டும். மலிவு ஸ்கூட்டரில் அந்தக் கை விழுவது கடைசி மெருகின்மேல். வார்ப்பின் ஓரங்களைச் சுத்தப்படுத்துவது, ஒவ்வொரு நட்டையும் சரியான அளவு முறுக்குவது, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்ப்பது போன்ற நேரம் தின்னும் வேலைகள் அவசரமாக முடிக்கப்படுகின்றன. மிச்சத்தை வண்டி வாங்கியவர்தான் சாலையில் செய்து முடிக்க வேண்டும். விலையில் குறைந்தது உழைப்பாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

சரி, புது எஞ்சினுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? எவ்வளவு வழவழப்பாகத் தெரியும் உலோகமும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பிலிப் பௌடனும் டேவிட் டேபரும் 1930களின் இறுதியில் இதைச் சாமர்த்தியமாக அளந்து காட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு உலோகங்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு கடந்து போகிறது என்று பார்த்தார்கள். உண்மையில் ஒன்றையொன்று தொடும் பரப்பு, தொடுவதாக நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் என்று தெரியவந்தது. மொத்தப் பாரமும் சில மேடுகளின் நுனியில் நிற்கிறது. அங்கே அழுத்தம் உலோகத்தையே நசுக்கும் அளவுக்கு ஏறுகிறது.

புது எஞ்சினில் நசுங்குவதும் உரசி உதிர்வதும் இந்த நுனிகள்தான். அவை மழுங்க மழுங்கத் தொடும் பரப்பு விரிகிறது, அழுத்தம் குறைகிறது, தேய்மானம் சட்டென்று தணிகிறது. அதன் பிறகு பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தேய்மானம் மிக மெதுவாகவே நடக்கும். ‘எஞ்சின் செட் ஆகட்டும்’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். உராய்வும் தேய்மானமும் சேர்ந்த இந்தத் துறைக்கு ‘ட்ரைபாலஜி’ என்ற பெயரைப் பரப்பியதும் பிரிட்டன்தான். 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு அரசுக்கு அளித்த அறிக்கை, உராய்வைச் சரியாகக் கையாண்டால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது.

எஞ்சினில் மிகவும் பழக வேண்டிய இடம் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் சந்திக்கும் இடம். புதுச் சுவர் வேண்டுமென்றே சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும். ‘ஹோனிங்’ என்ற முறையில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கும், மேடுகள் ரிங்கை அரம்போல ராவி வடிவத்துக்குக் கொண்டுவரும். ரிங் தன் சொந்த விறைப்பால் சுவரில் அழுந்துவது கொஞ்சம்தான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு ரிங்கின் பின்புறத்துக்குள் புகுந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு அழுத்தம்.

வண்டியைப் பூப்போல ஓட்டினால் போதும் என்ற நம்பிக்கை அடிபடுவது இங்கேதான். வாரக்கணக்கில் கால்வாசி ஆக்சிலேட்டரிலேயே ஓட்டினால் ரிங்குக்குப் பின்னால் போதிய தள்ளல் கிடைக்காது. மேடுகள் மழுங்கும் முன்பே, கீறல்களில் தங்கிய ஆயில் சூட்டில் கருகி வார்னிஷ் மாதிரி படிந்துவிடும். சுவர் வழுக்கத் தொடங்கிய பிறகு ரிங் முழுமையாகப் படியாது. வண்டி ஆயிலைக் குடிக்கும், புகை நீலமாக வரும், இழுவை குறையும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

மறுபுறம், முதல் நாளே முழுதாக முறுக்கிக்கொண்டு மேடேறினாலும் ஆபத்து. இந்தச் சின்ன எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளை ஒட்டிச் சுழலும். ஒரு சுற்றில் பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 14,000 முறை நிற்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஆயில் படலம் நிலைப்பது அவை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இலேயே இதைப் பரிசோதனையில் வரைந்து காட்டியிருக்கிறார். பிஸ்டன் நிற்கும் கணத்தில் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மேல்முனையில் எரியும் வாயுவின் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஓடித் தேய்ந்த எந்த எஞ்சினைப் பிரித்தாலும் சிலிண்டர் மேல்பகுதியில் அதிகம் அரிபட்டிருப்பது இதனால்தான். புதிதில் அந்த நுனிகள் அளவுமீறிச் சூடானால் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டு பிய்ந்து, சுவரில் கோடுகள் விழும்.

ஆகவே முறுக்கவும் வேண்டும், முறுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாது. கொஞ்ச தூரம் முக்கால்வாசி ஆக்சிலேட்டரில் ஏற்றி, பிறகு முழுதாக விட்டுவிட்டு உருளவிட வேண்டும். விடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல் சுவருக்கு ஆயிலை இழுத்துவரும், சூடும் தணியும். ஒரே வேகத்தில் நெடுநேரம் போவதுதான் மிக மோசம்.

கியர் வண்டி என்றால் இது சுலபம். ஸ்கூட்டரிலோ கியரை வேரியேட்டரே பார்த்துக்கொள்கிறது. அதனுள் உருளைகள் சுழல் வேகத்தில் வெளிப்புறமாக ஒதுங்கி, பெல்ட்டை மேலேற்றி, விகிதத்தைத் தானாக மாற்றும். ஓட்டுபவர் கையில் இருப்பது ஆக்சிலேட்டர் மட்டும். பிரிட்டனின் நகரச் சாலைகளில் பொதுவான வரம்பு மணிக்கு 48 கிலோமீட்டர். 45க்கு மேல் போகாத மொபெட், பின்னால் முட்டிக்கொண்டு வரும் வேனுக்குப் பயந்து எந்நேரமும் முழுதாக முறுக்கியபடியே ஓடுகிறது. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாதீர்கள் என்று கையேட்டில் அச்சிட்டவர் அந்தச் சாலையில் ஓட்டியிருக்க மாட்டார். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வரம்பை 32 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். புது ஸ்கூட்டர்க்காரர்கள் அதில் கையெழுத்திட்டிருக்க நியாயமில்லை. ஏற்றி இறக்கிப் பழக்க அதைவிடத் தோதான சாலை அமையாது.

இப்போது ஆயில். உதிர்ந்த உலோகத் தூள் எங்கே போகும்? கார்களிலும் பல மோட்டார் சைக்கிள்களிலும் காகித ஃபில்டர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 139 கியூ.எம்.பி. எஞ்சினில் காகித ஃபில்டரே கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை மட்டும் உண்டு. அது பெரிய துணுக்குகளைத் தடுக்கும். மாவு போன்ற தூள் ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகளையும் கேம் தண்டையும் சுற்றிச் சுற்றி வரும். இருக்கும் மொத்த ஆயிலோ ஒரு லிட்டர்கூட இல்லை. அதனால் முதல் ஆயில் மாற்றம் மற்ற எந்தப் பராமரிப்பையும்விட முக்கியமானது. 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும், எஞ்சின் சூடாக இருக்கும்போதே. அப்போதுதான் தூள் அடியில் தங்காமல் ஆயிலோடு வெளியே வரும். வடித்த ஆயிலைச் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் மினுங்கும். பயப்பட வேண்டியதில்லை, அது மழுங்கிய மேடுகளின் மிச்சம். ஊசி ஊசியான துண்டுகள் வந்தால்தான் கவலை. சாதாரண மினரல் 10டபிள்யூ-40 ஆயிலே போதும். பின்சக்கர கியர் பெட்டியின் ஆயில் தனி. அளவு மிகச் சிறியது என்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள்.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி. வால்வு மூடும்போது அது தன் இருக்கையில் அறைந்து அறைந்து உட்காரும். புதிதில் இந்த அறையலால் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அதனால் இடைவெளி கூடும் என்றுதான் தோன்றும். உண்மையில் குறைகிறது, ஏனென்றால் வால்வின் தண்டு ராக்கரை நோக்கி நகர்கிறது. தொழிற்சாலையில் ஏற்கெனவே இறுக்கமாக வைத்திருந்தால் இடைவெளி முழுதாகவே போய், வால்வு மூடாமல் நிற்கும். காலையில் ஸ்டார்ட் ஆன வண்டி, சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி போச்சு, கார்புரேட்டர் போச்சு என்று அலைவார்கள். முதல் சர்வீஸில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் பத்து நிமிட வேலை. டக்டக் என்று லேசாகச் சத்தம் போடும் டேப்பெட்டால் அவ்வளவு ஆபத்தில்லை. சத்தமே போடாததைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மற்றவற்றுக்கும் பழக்கம் தேவை. புது டயரின் மேல்தோல் வழுக்கும், முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவுகளில் சாய்க்க வேண்டாம். பிரேக் கட்டைகள் படிய நாளாகும், திடீர்ப் பிரேக்கை நம்ப முடியாது. பெயின்டின் மேல் இறுக்கிய போல்ட்டுகள், பெயின்ட் நசுங்கியதும் தளர்ந்துவிடும். சைலன்சரைச் சிலிண்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் முதல் வாரத்திலேயே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இறுக்கும்போது வேகம் வேண்டாம். மட்டமான போல்ட் என்றால் மரை கழன்று கையோடு வரும்.

பிரிட்டனில் கூடுதலாக ஒரு எதிரி உண்டு. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். செஷையரில் 1844இல் திறக்கப்பட்ட வின்ஸ்ஃபோர்டு உப்புச் சுரங்கத்திலிருந்து இன்றும் சாலைக்கான உப்பு போய்க்கொண்டிருக்கிறது. மெல்லிய முலாம் பூசிய சீனத் திருகுகளுக்கு ஒரே ஒரு குளிர்காலம் போதும், தலை தெரியாமல் துருப்பிடித்துவிடும். இலையுதிர்காலத்திலேயே துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து வைப்பவர்களின் வண்டி பிழைக்கிறது.

இந்த ஸ்கூட்டர்களைக் குப்பை என்று ஒதுக்குபவர்களும் உண்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் புகழ்பவர்களும் உண்டு. இரு தரப்பாரின் வண்டியும் ஒரே தொழிற்சாலையில் பிறந்ததாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் பெரும்பாலும் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் விழுகிறது. ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு லிட்டர் ஆயில், சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஆகியவற்றைச் செலவிடத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும், மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது என்பவர்கள், அதே பணத்தில் நன்கு பராமரிக்கப்பட்ட பழைய ஜப்பானிய ஸ்கூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே மேல்.