குடத்தின் வாயும் குடும்பத்தின் நலமும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரகடத்திற்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், தொழிலாளர் தங்கியிருக்கும் வரிசை வீடு ஒன்றுக்கு நாம் அழைக்கப்பட்டோம். சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க இளைஞர் எட்டுப் பேர், பத்தடிக்குப் பத்தடியான ஓர் அறையில் குடியிருந்தனர். அவர்களுள் ஒருவர் முந்தின இரவு முதல் வாந்தியும் பேதியுமாய்க் கிடந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன, நாக்கு உலர்ந்திருந்தது, தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மடிப்பாகவே நின்றது. "குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று கேட்டோம். "கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று கொடுக்கவில்லை, ஃபாதர்" என்றார் அருகிலிருந்த தோழர்.

உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிய பின்னர் அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் இடர் அத்துடன் தீரவில்லை. இரண்டு நாட்களுக்குள் அதே அறையைச் சேர்ந்த வேறு இருவரும் அதே நோயுடன் படுத்தனர்.

வீட்டு உரிமையாளர் நம் பங்கைச் சேர்ந்த நல்ல மனிதர். "கேன் தண்ணீர்தானே, ஃபாதர், இவர்கள் விலைக்கு வாங்கிக் குடிக்கிறார்கள்? அது எப்படிக் கெடும்?" என்று வியந்தார். நாம் அறையின் மூலையைச் சுட்டிக் காட்டினோம். கேனில் வந்த நீர், அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பிடியில்லாத குவளை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. எட்டுப் பேரின் கைகளும் அந்த டிரம்முக்குள் இறங்கி எழுந்தன. வெளியே நான்கு அறைகளுக்கு ஒரே கழிப்பறை; அதனருகில் சோப்பு இல்லை. காசு கொடுத்து வாங்கிய நல்ல நீர், வீட்டுக்குள் வந்த பிறகே கெட்டிருக்கக் கூடும் என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

மருத்துவர் அதனைக் காலரா என்று கூறவில்லை. கடும் வயிற்றுப்போக்கு என்றே குறித்தார். ஆனால் காலரா ஒரு வீட்டில் நுழையுமாயின், ஒருவரிடமிருந்து மற்றவரிடம் அது நடந்து செல்லும் பாதையும் இதுவேயாகும். எனவே இம்மாதம் இதனைக் குறித்து நம் குடும்பங்களோடு சற்று விரிவாக உரையாட விரும்புகின்றோம்.

காலரா ஒழிந்துவிட்டதா?

நம் முன்னோர் 'கக்கல் கழிச்சல்' என்றும் 'வாந்திபேதி' என்றும் அஞ்சி அழைத்த நோய் இது. தாது வருடப் பஞ்சத்தின்போது பசியும் காலராவும் கைகோர்த்துக்கொண்டு நம் நாட்டுப்புறத்தைச் சூறையாடின. அதெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோர் பலர். அது தவறு. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதுவரை கொள்ளைநோயாய்ப் பரவியறியாத புதுவகைக் காலராக் கிருமி ஒன்று முதன்முதலில் நம் சென்னை நகரிலேயே கண்டறியப்பட்டது. ஓ 139 என்று பெயர் பெற்ற அக்கிருமி பின்னர் கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்திற்கும் பரவியது. அண்மையில், 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா உறுதியானபோது, புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அண்டையிலுள்ள தமிழக மாவட்டங்களும் விழிப்புடன் இருக்குமாறு எச்சரிக்கப்பட்டன.

நம் சாலையோரத்திலேயே நிகழ்ந்த ஒன்றையும் மறக்கலாகாது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்திலுள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. ஏறத்தாழ 250 பேருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டியதாயிற்று. அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மனம் கொதித்த தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அது காலரா அன்று. எனினும், பலர் நெருங்கி வாழும் இடத்தில் உணவும் நீரும் பழுதுபட்டால், ஓர் இரவிலேயே எத்தனை பேர் வீழ்வர் என்பதை அது நமக்குக் காட்டியது.

ஒரே கூரையின் கீழ்

காலரா காற்றில் வருவதன்று, சாபத்தால் வருவதுமன்று. 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், ஒரே தெருக்குழாயின் நீரைக் குடித்தவர்களே பெருவாரியாய் மாண்டனர் என்பதை வீடுவீடாய்ச் சென்று விசாரித்து நிறுவினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884-இல், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார்.

இக்கிருமி நோயாளியின் மலத்தில் வெளிப்படுகிறது. நீர் அல்லது உணவு வழியாக மற்றொருவரின் வாயை அடைகிறது. உடலில் புகுந்த பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் நோய் தோன்றலாம். இங்கே ஓர் உண்மையை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். கிருமி புகுந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு நோய் வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் இலேசாகவே தெரியும். ஆயினும் ஒன்று முதல் பத்து நாட்கள் வரை அவர்கள் மலத்திலும் கிருமி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே படுத்திருப்பவரை மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும் என்று நினைப்பது பேதைமை. நலமாய் நடமாடுகிறவரின் கழுவாத கையும் அதே குடத்துக்குள்தான் இறங்குகிறது.

இதனை மெய்ப்பிக்கும் ஆய்வொன்று 1980-களில் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் நடைபெற்றது. காலரா நோயாளி இருந்த வீடுகளுள் சிலவற்றுக்குக் கழுத்துக் குறுகிய மண்கூஜாக்கள் வழங்கப்பட்டன. 'சொராய்' என்பது அவற்றின் பெயர். அதற்குள் கையை விட இயலாது. சாய்த்து ஊற்றித்தான் குடிக்க வேண்டும். வேறு சில வீடுகளில் குடிநீரில் குளோரின் கலக்கப்பட்டது. மற்ற வீடுகள் வழக்கம்போல் விடப்பட்டன. முதலிரண்டு வகை வீடுகளிலும் குடும்பத்தார்க்கு நோய் தொற்றுவது வெகுவாய்க் குறைந்தது. சில காசு பெறும் மண்பாண்டம் ஒன்று மருந்துக்கு ஈடாய் நின்று குடும்பத்தைக் காத்தது என்றால், அது நாம் சிந்திக்க வேண்டிய செய்தியன்றோ?

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, குடிநீர். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. குழாய் நீராயினும், லாரி நீராயினும், ஆழ்துளைக் கிணற்று நீராயினும், ஐயமிருப்பின் தளதளவெனக் கொதித்த பின்னும் ஒரு நிமிடமேனும் கொதிக்க விட்டு, ஆறவைத்துப் பருக வேண்டும். குளோரின் மாத்திரைகளைப் பயன்படுத்துவோர், உறையில் குறித்த அளவின்படி இட்டு, அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். 1000 லிட்டர் கொண்ட தொட்டிக்கு நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் போதும். அதனைச் சிறிது நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். மெல்லிய துணியால் வடிகட்டும் நம் பாட்டிமாரின் வழக்கமும் வீணன்று. வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாய் மடித்து வடிகட்டியதால் காலரா ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது என்று 2003-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் வடிகட்டுதல் மட்டும் முழுக் காவலாகாது.

இரண்டாவது, பாத்திரம். குடிநீரைக் குறுகிய வாயுள்ள குடத்திலோ, அடியில் குழாய் பொருத்திய பானையிலோ வைத்து மூடுங்கள். அகன்ற பாத்திரமே உள்ளதெனில், நீண்ட காம்புள்ள கரண்டியால் மொண்டு, அக்கரண்டியைத் தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள். விலைக்கு வாங்கும் கேன் நீரை வேறு டிரம்மில் கொட்டாதீர்கள். நம் ஆலய வாயிலில் சங்கிலியிற் கட்டிய குவளையோடு வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயையும் இதனை முன்னிட்டே அகற்றிக் குழாய் வைத்தோம். பிறருக்கு உரைக்குமுன் நம் வாயிலைத் திருத்திக்கொள்வது முறைதானே?

மூன்றாவது, கை. கழிப்பறை சென்று வந்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும், ஊட்டுமுன்னும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறையருகே சோப்பு எப்போதும் இருக்கட்டும். அது இல்லாத வீட்டில் மற்ற அறிவுரையெல்லாம் பாதி வீணே.

நான்காவது, நோயாளியைப் பேணுதல். அவருடைய வாந்தியையும் மலத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் ஊற்றிக் கழிப்பறையிலேயே அகற்ற வேண்டும். அழுக்குத் துணிகளைக் கிணற்றடியிலோ பொதுக்குழாயடியிலோ துவைத்தல் கூடாது. தனியே வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். பணிவிடை செய்பவர் அந்நாட்களில் மற்றவர்க்குச் சமைக்காதிருப்பது நலம். இயலாதெனில், ஒவ்வொரு முறையும் கைகளை நன்றாகக் கழுவிய பின்னரே அடுப்பண்டை செல்லட்டும். உணவைச் சூடாகவே உண்ணுங்கள். ஈ மொய்க்கும் வெட்டிய பழங்களையும் தெருவோர ஐஸையும் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரே மருந்து

அந்த இளைஞரின் தோழர்கள் அன்பினாலேயே தண்ணீரை மறுத்தனர். அந்த அன்பு அவரைக் கொன்றிருக்கும். காலராக் கண்டவரின் உடலிலிருந்து, அரிசி கழுவிய நீர் போன்று, மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் வெளியேறக்கூடும். இழந்ததை ஈடு செய்யாவிடில் சில மணி நேரத்தில் உயிர் பிரியலாம். தக்க நேரத்தில் ஈடு செய்தாலோ, நூற்றுவரில் ஒருவரைக்கூட இழக்க வேண்டியதில்லை.

1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியது. பன்காவ் என்னுமிடத்தில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்ட நிலையில், குளுக்கோசும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். 30 சதவீதமாயிருந்த மரணம் 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பின், 2023-இல், நம் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

அதே மருந்து இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாய் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. அது கைவசம் இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாய்க் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இது மருத்துவமனைக்குச் செல்லும் வரையிலான துணையே. பேதி நீராய்ப் போனாலோ, நோயாளி சோர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தாமதியாது 108-ஐ அழையுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் செய்தி சொல்லுங்கள். நோயை மறைப்பது மானத்தைக் காப்பதாகாது. ஊரை ஆபத்தில் தள்ளுவதேயாகும்.

வீட்டு உரிமையாளர்களாகிய நமக்கு

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நம் ஊர்களில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எங்கும் வெளியூர் இளைஞரும் பெண்களும் வந்து குவிந்துள்ளனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய குடியிருப்பு திறக்கப்பட்டது, நல்ல தொடக்கமே. எனினும் எத்தனையோ ஆயிரம் பேர் நாம் கட்டிவிட்ட அறைகளிலேயே வாழ்கின்றனர். தலை எண்ணி வாடகை வாங்குகின்ற நாம், தலை எண்ணிக் கழிப்பறை கட்டினோமா? நால்வருக்கென்று கட்டிய அறையில் எண்மரை ஏற்றுக்கொண்டபோது, தண்ணீர்த் தொட்டியையும் பெருக்கினோமா? கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பதடியாவது இடைவெளி விட்டோமா?

இவற்றைச் செய்யப் பெரும் செல்வம் வேண்டியதில்லை. அறைக்கு ஒரு குழாய்ப் பானை, கழிப்பறைக்கு ஒரு சோப்பு, ஆண்டிற்கு இருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல், மழைக்குப் பின் பிளீச்சிங் பவுடர் இடுதல், அவர்கள் மொழியில் எழுதிய ஓர் அறிவிப்பு: இவ்வளவே. அவர்கள் நலம் வேறு, நம் நலம் வேறு என்று எண்ணவும் வேண்டாம். அவர்கள் கழிப்பறை கசிந்தால் அது சேருவது நம் கிணற்றில்.

அன்று வியந்து நின்ற அந்த உரிமையாளர், மறுவாரமே எல்லா அறைகளுக்கும் குழாய் வைத்த பாத்திரங்கள் வாங்கித் தந்தார். இரண்டாவது கழிப்பறைக்கு இப்போது அடித்தளம் போட்டிருக்கிறார். அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவரைப் பின்பற்றலாம் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

தாகம் கொண்ட சிறியோர்க்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பது பெரும் புண்ணியம் என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கின்றோம். அந்தக் குவளை தூய்மையாய் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் புண்ணியத்தில் அடங்கும். இன்று மாலையே உங்கள் வீட்டுக் குடத்தின் வாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதற்குள் ஒரு கை நுழையுமா? நுழையுமாயின், மழை மீண்டும் தொடங்குமுன் அதனை மாற்றிவிடுங்கள்.