திராட்சைச் சாற்றின் புளிப்பு: நாக்கு சொல்வதும் கணக்கு சொல்வதும்



வாலாஜாபேட்டையில் நாங்கள் மொத்தமாக விற்ற திராட்சைச் சாறு ஒரு பெட்டி, "புளித்துவிட்டது" என்று திரும்பி வந்தது. "திராட்சை என்றால் புளிக்கத்தானே செய்யும்" என்றனர் தயாரித்தவர்கள். பதில் சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை. நட்டம் நம் தலையில் விழுந்தது. அதன் பிறகே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையானாலும் வேறு திராட்சையானாலும், இயற்கையாக உள்ள முக்கிய அமிலங்கள் டார்டாரிக், மாலிக் என்ற இரண்டுதான். நம் புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலமே. சாறோ ஒயினோ கெடும்போது சேர்வது அசிட்டிக் அமிலம். அதாவது வினிகரின் புளிப்பு. சர்க்கரை அதிகமானால் நாக்கு இதைக் கண்டுபிடிக்காது.

தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க, தோலை வெட்டி பினாப்தலின் சொட்டு விடுவதை நம் பகுதியினர் அறிவர். சுண்ணாம்பு மீதமிருந்தால் இளஞ்சிவப்பு தெரியும். அதே மருந்துதான் இங்கும். 10 மில்லி சாற்றில் அதை விட்டு, அளவு தெரிந்த காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். நிறம் நிலைத்தால் புளிப்பு முறிந்தது என்று பொருள். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லி, 7.5 மில்லிகிராம் டார்டாரிக் அமிலத்துக்குச் சமம். 8 மில்லி செலவானால் 60 மில்லிகிராம்; லிட்டருக்கு 6 கிராம். கருஞ்சாற்றில் நிறமாற்றம் சரியாகத் தெரியாது, பி.எச். மீட்டரில் 8.2 வரும்வரை சேர்ப்பார்கள்.

இது மொத்தப் புளிப்பு மட்டுமே. கெட்டதா என்றறிய, சாற்றில் நீராவி செலுத்தி வடித்து, வடிநீரை அளக்க வேண்டும். அசிட்டிக் அமிலம் ஆவியோடு வரும். டார்டாரிக்கும் மாலிக்கும் தங்கிவிடும். ஒவ்வோர் அமிலத்தையும் தனியே பிரித்து அளக்க எச்.பி.எல்.சி. கருவி உண்டு. திராட்சைச் சாறு என்ற பெயரில் டார்டாரிக்கே இல்லாமல் சிட்ரிக் அமிலமும் சாயமும் மட்டும் இருந்தால் அதில் அகப்பட்டுவிடும்.

ஒயின் நம் மளிகைச் சரக்கல்ல. வினிகர் நம் சரக்கு. அதில் 100 மில்லிக்கு 3.75 கிராம் அசிட்டிக் அமிலமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். செயற்கை வினிகரானால் லேபிளில் அப்படியே போட்டிருக்க வேண்டும்.

ஆகவே, புகார் வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். அதே பேட்ச் எண்ணுள்ள, திறக்காத பாட்டிலை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நமக்கு விற்றவர் தந்த பில்லே சரக்கின் தரத்துக்கு அவர் எழுதித் தந்த உத்தரவாதம். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு. பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டவே வேண்டாம்.